பல்லுக்கொழுக்கட்டை: மா, சொட்டு, தட்டு, தண்ணீர்

பிள்ளைக்கு முதல் பல்லு முளைத்ததும் கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டுகிற சடங்குதான் பல்லுக்கொழுக்கட்டை. வன்னியின் நாலு ஊர்களிலிருந்து அதைப் பற்றி எழுதியவை இவை.

மல்லாவியிலிருந்து

கீழ்முரசின் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்த உடனே சொந்தக்காரருக்குச் சொல்லி விடாதீர்கள். அது பல்லு வரப்போகிறது என்பதற்கான அறிகுறி மட்டுந்தான், முளைத்ததாகக் கணக்கில்லை. கழுவிய சில்வர் கரண்டியின் விளிம்பை அந்த இடத்தில் மெல்ல முட்டிப் பாருங்கள். 'டிக்' என்று சத்தம் கேட்டால் பல்லு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. கூடுதலான பிள்ளைகளுக்கு 6 முதல் 10 மாதத்துக்குள் வரும். ஒரு வயதுவரை பிந்துவதும் வழமைதான். ஒன்றரை வயதாகியும் ஒன்றும் வராவிட்டால் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

மேல்பல்லு முதலில் வந்தால் மாமனுக்கு ஆகாது என்று பழைய ஆட்கள் சொல்லுவார்கள். மாமன்மார் பயப்படத் தேவையில்லை. வரிசை மாறி முளைப்பது பிள்ளைக்குப் பிள்ளை உள்ளதுதான்.

நாள் பார்க்கும்போது பஞ்சாங்கத்தோடு பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் பக்கத்தில் வையுங்கள். ஒற்றை மாதம் என்று 7, 9, 11இல் வைப்பார்கள். 9 மாதம் முடிய, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா வராமல் தடுக்கிற எம்.எம்.ஆர். ஊசி வருகிறது. இந்த ஊசிக்குக் காய்ச்சல் அடித்தால் அன்றைக்கோ அடுத்த நாளோ அடிப்பதில்லை, ஏறத்தாழ 7ஆம் நாளிலிருந்து 12ஆம் நாளுக்குள்தான் அடிக்கும். ஊசி போட்டு ஒரு கிழமை கழிந்ததும் 'இனிப் பயமில்லை' என்று கொழுக்கட்டை கொட்டுகிற வீடுகளில்தான் பிள்ளை அன்றைக்கு அனுங்கிக்கொண்டு கிடக்கும். கண்ணூறு என்று உப்புமிளகாய் சுற்றுவார்கள். ஒன்றில் ஊசிக்கு முன்னம் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கிழமை கழித்து வையுங்கள். சடங்குக்காக ஊசியைத் தள்ளிப்போடுவது மட்டும் வேண்டாம்.

திருவையாற்றிலிருந்து

மாவைப் பற்றி எழுதுகிறேன். கொழுக்கட்டை வெடித்தது, கல்லாகிப் போனது என்று வருகிற முறைப்பாடுகளில் முக்கால்வாசி மாவில் விட்ட பிழைதான்.

ஏறத்தாழ 40 கொழுக்கட்டைக்கு:

வறுத்த சிவப்புப் பச்சையரிசி மா 500 கிராம்
கோது நீக்கிய வறுத்த பயறு 200 கிராம்
சர்க்கரை (வெல்லம்) 180 கிராம்
நடுத்தரத் தேங்காய் ஒன்று (பாதி பூவாகத் துருவ, பாதி சொட்டு வெட்ட)
ஏலக்காய் 5
உப்பு ஒரு சிட்டிகை

அரிசியை 3 மணித்தியாலம் ஊறவிட்டு, வடியவிட்டு, ஈரம் தோயும் பதத்தில் மில்லில் கொடுத்து இடித்து, அரிதட்டில் அரித்து வறுக்க வேண்டும். வறுபட்ட மாவை விரலால் எடுத்துக் கோலம் போடுவதுபோல இழுத்தால் கோடு அறாமல் ஓடவேண்டும். கட்டி கட்டியாக விழுந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. நிறம் மாறுமட்டும் வறுத்தால் மா இழுபடாது, பிடிக்கும்போது உதிரும்.

தண்ணீர் கொதித்துக் குமிழி புரளும்போதே ஊற்ற வேண்டும். அடுப்பால் இறக்கி வைத்துவிட்டுப் பயறு பார்க்கப் போய் வந்து ஊற்றினால் மா வேகாது, மடிக்கிற இடத்தில் வெடிக்கும். அளவு: மாவை எந்தப் பேணியால் அளந்தீர்களோ அதே பேணியால் தண்ணீர் ஒன்று முதல் ஒன்றேகால். எல்லாத்தையும் ஒரே ஊற்றாக ஊற்றாமல் ஒரு பங்கு ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மாசி, பங்குனியில் காலபோகம் வெட்டி வந்த புதுநெல்லென்றால் இன்னும் குறையுங்கள். புதுஅரிசி மா தண்ணீரைக் குறைவாகத்தான் இழுக்கும், கையில் பசைபோல ஒட்டும். இரணைமடுக் குளத்துக்குக் கீழே விளைகிற ஆட்டக்காரி அரிசியென்றாலும், கடையில் வாங்குகிற பழைய பச்சையரிசியென்றாலும் விதி ஒன்றுதான். பழசானால் தண்ணீர் கூட வேண்டும்.

கை பழக்கமில்லாதவர்கள் நாலில் ஒரு பங்குக்கு அவித்த கோதுமை மா கலக்கலாம். சுவை கொஞ்சம் குறையும், ஆனால் ஓரம் வெடிக்காது. குழைத்ததை ஈரத்துணியால் மூடி வையுங்கள். வன்னிக் காற்றில் பத்து நிமிடத்தில் மேல் தோல் காய்ந்துவிடும். அந்தக் காய்ந்த தோல்தான் பிறகு கோடு கோடாகப் பிளக்கிறது.

பயறு மலர்ந்திருக்க வேண்டும், கரையக்கூடாது. அவித்த தண்ணீரை முழுதாக வடியுங்கள். சர்க்கரையைச் சூடான பயறோடு போட்டுக் கிளறினால் இளகிப் பாகாகிவிடும். ஆறிய பயறும் தூளாக்கிய சர்க்கரையும் என்றால் உள்ளுடன் (உள்ளே வைக்கிற பூரணம்) உருண்டையாகப் பிடிபடும். பனங்கட்டி போடுகிறவர்கள் தும்பு, மண் போக அதைக் கரைத்து வடித்து, கம்பிப்பதம் வருமட்டும் காய்ச்சித்தான் சேர்க்க வேண்டும். தண்ணீர்ப் பாகை அப்படியே விட்டால் கொழுக்கட்டையின் அடிப்பக்கம் ஊறிக் கழன்றுவிடும்.

ஒரு கொழுக்கட்டைக்கு மா தேசிக்காய் அளவு, உள்ளுடன் ஒரு மேசைக்கரண்டி. அரைவட்டமாக மடித்து ஓரத்தைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சிறு சிறு மடிப்பாகக் கிள்ளி வாருங்கள். அந்த மடிப்புத்தான் பல்லு வரிசை. நீற்றுப்பெட்டியிலோ இடியப்பத் தட்டிலோ 10 முதல் 12 நிமிடம். சில்வர் மூடியால் மூடினால் ஆவி தண்ணீராகி மேலே சொட்டிக் கொழுக்கட்டை வழுவழுத்துப் போகும். மூடிக்கு உள்ளே ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். பனையோலை நீற்றுப்பெட்டியில் இந்தக் கரைச்சல் இல்லை, ஓலை தானே ஈரத்தை இழுத்துவிடும்.

முள்ளியவளையிலிருந்து

மேலே எழுதியவர் சொட்டுக் குத்துவதைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார். பல்லுக்கொழுக்கட்டைக்கு அழகே அந்தத் தேங்காய்ச் சொட்டுத்தானே. கறுப்புத் தோலைச் சீவி, நகத்தின் அரைவாசி அளவுக்கு மெல்லிசாக வெட்டி, மடிப்புகளுக்கு நடுவில் குத்துவார்கள். அவிக்க முன்னம் குத்துவதென்றால் பாதிக்கு மேல் உள்ளே போகவேண்டும். மா அவிந்து பொங்கும்போது மேலோட்டமாகக் குத்தியதெல்லாம் வெளியே தள்ளுப்பட்டு விழும். அவித்த பிறகு குத்தினால் நிற்கும், ஆனால் துளை பெரிதாகி ஓரம் பிளக்கும்.

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தலையில் கொட்டுகிற கொழுக்கட்டையும் பந்தியில் கொடுக்கிற கொழுக்கட்டையும் ஒன்றாக இருக்கக்கூடாது. உள்ளுடன் வைத்த கொழுக்கட்டை பாரம், அதோடு சர்க்கரை கசிந்தால் தலைமயிரில் ஒட்டும். கொட்டுவதற்கென்று உள்ளுடன் இல்லாமல், சொட்டும் இல்லாமல், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு 30 சின்னக் கொழுக்கட்டை பிடியுங்கள். அதை முதல் ஈட்டில் அவித்து இறக்கி விரித்து வையுங்கள். கொட்டுகிற நேரம் முழுதாக ஆறியிருக்க வேண்டும். வெளியே ஆறினாலும் உள்ளே சூடு நிற்கும். ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பிள்ளையைப் பாயில் விரித்த வெள்ளைத் துணியில் கிழக்குப் பார்க்க இருத்துவார்கள். இன்னும் தானாக இருக்கப் பழகாத பிள்ளையென்றால் அம்மம்மாவோ அப்பம்மாவோ பின்னால் இருந்து அணைத்துக்கொள்ள வேண்டும், தலையணை முட்டுக்கொடுத்து விடுகிற வேலை வேண்டாம். தலைக்கு மேலே இன்னொரு வெள்ளைத் துணியை நாலு பேர் நாலு மூலையில் பிடிப்பார்கள், அல்லது தலையில் மெல்லிசாகப் போர்த்துவார்கள். மாமி கொட்டுவது வழக்கம். ஒரு சாணுக்கு மேலே தூக்க வேண்டாம். படம் எடுக்கிறவர் 'இன்னும் உயர்த்துங்கோ மாமி' என்பார், கேட்காதீர்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வீடியோவில் பார்க்கிறவர்களுக்காக இரண்டாம் முறை, மூன்றாம் முறை கொட்டுவதும் வேண்டாம். முதல் முறையிலேயே பிள்ளை மிரண்டு போயிருக்கும்.

விழுந்த கொழுக்கட்டை நிமிர்ந்து கிடக்கிறதா கவிழ்ந்து கிடக்கிறதா என்று பார்த்து அடுத்தது ஆணா பெண்ணா என்று சொல்லுவார்கள். பெரியவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிற அந்த அரை நிமிடத்தில்தான் பிள்ளை ஒன்றைப் பொறுக்கி வாய்க்குள் வைக்கும். ஒருவரின் கண் பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும். முடிந்த கையோடு துணியை நாலு மூலையும் சேர்த்துச் சுருட்டித் தூக்குங்கள். தலையையும் கழுத்து மடிப்பையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மத்தியானம் நித்திரையில் எறும்பு மொய்க்கும்.

செட்டிகுளத்திலிருந்து

கத்தோலிக்க வீடுகள் சிலவற்றிலும் இது உண்டு. நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் தொடங்குவார்கள், மற்றதெல்லாம் ஒன்றுதான். தட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

முன்னால் வைக்கிற தட்டில் புத்தகம், பேனை, நகை, நெல்லு, காசு, கத்தரிக்கோல் என்று பரப்பி, பிள்ளை எதை எடுக்கிறதென்று பார்ப்பார்கள். இப்போது ஸ்டெதஸ்கோப்பும் மடிக்கணினியும் வந்துவிட்டன. மண்வெட்டி வைத்த ஒரு வீட்டையும் காணவில்லை, வயல் மட்டும் எல்லாருக்கும் வேண்டும்!

தட்டுக்கு ஒரு அளவுகோல்: நெருப்புப்பெட்டியின் குறுக்கு அகலம் ஏறத்தாழ மூன்றரைச் சென்ரிமீற்றர். அதைவிடச் சின்னதாக உள்ள எதுவும் இந்த வயதுப் பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடும். காசு, மோதிரம், தோட்டுத் திருகாணி, பேனை மூடி எல்லாம் இதற்குள் வரும். காசுக்குத் தாள்காசு, நகைக்குக் கனத்த காப்பு, நெல்லுக்கு வாய் கட்டிய சின்னப் பை வையுங்கள். விளையாட்டுச் சாமானுக்குள் இருக்கிற பொத்தான் பற்றரி எல்லாவற்றிலும் மோசம். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

அடைத்துவிட்டால்: பிள்ளை இருமி அழுதால் இரும விடுங்கள். சத்தம் வரவில்லை, முகம் நீலம் பாய்கிறதென்றால் முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் 5 அமுக்கு. மாறி மாறிச் செய்துகொண்டே இன்னொருவரைக் கொண்டு 1990க்கு எடுப்பியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் தோண்டினால் இன்னும் கீழே போகும்.

பிள்ளைக்கு அன்றைக்கு என்ன தீத்துவது? கொழுக்கட்டை பெரிய ஆட்களுக்கு. 6 மாதம் முடிந்து சோறு தொடங்கிய பிள்ளையென்றால் அதே பயறில் இரண்டு மேசைக்கரண்டியைச் சர்க்கரை போட முன்னம் எடுத்து, குழையச் சோற்றோடு மசித்து, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுத் தீத்துங்கள். கரண்டியைச் சரித்தால் ஓடக்கூடாது, தடிப்பாக நிற்க வேண்டும். உப்பும் சீனியும் ஒரு வயதுவரை தேவையில்லை. முரசில் தேன் தடவுகிறேன் என்று யாராவது போத்தலோடு வந்தால் மரியாதையாக வாங்கி அலுமாரியில் வைத்துவிடுங்கள். காட்டுத்தேன் எவ்வளவு சுத்தமென்றாலும் ஒரு வயதுக்குக் கீழே கூடாது, அதிலிருக்கக்கூடிய கிருமியின் வித்துகள் பிள்ளையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கி உடம்பைத் துவள வைக்கும்.

மல்லாவியிலிருந்து, திரும்பவும்

'பல்லுக் காய்ச்சல்', 'பல்லு வயிற்றோட்டம்' என்று விட்டுவிடுகிற பழக்கத்தைப் பற்றி ஒரு சொல். பல்லு வரும்போது வீணி வடியும், எதையும் கடிக்கும், இரவில் சிணுங்கும். 38 பாகைக்கு மேலே காய்ச்சல் அடித்தால் அதற்குப் பல்லு காரணமில்லை, வேறெதுவோ இருக்கிறது. வயிற்றாலை போவதும் அப்படித்தான்: தவழ்கிற பிள்ளை முற்றத்தில் கண்டதையெல்லாம் வாயில் வைக்கிற வயதும் பல்லு முளைக்கிற வயதும் ஒன்றாக வருகின்றன, பழி பல்லின் மேல் விழுகிறது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனித் தூள் பைக்கற் ஒன்றை முழுதாக ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பைக்கற்றை ஒரு கோப்பையில் கரைக்கிற வேலை ஆபத்து, உப்புக் கூடிவிடும். ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர், கரண்டியால் மெல்ல மெல்ல. தாய்ப்பாலை நிற்பாட்டக்கூடாது. கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ ஆஸ்பத்திரி.

கடிக்கக் கொடுக்க, ஈரத்துணியைச் சுருட்டிக் குளிர வைத்துக் கொடுத்தால் போதும். கரட் துண்டு வேண்டாம், புதுப்பல்லு அதை நறுக்கென்று கடித்து எடுத்துவிடும்.

செட்டிகுளத்திலிருந்து, தண்ணீர் பற்றி

வவுனியாப் பக்கமும் அதைச் சுற்றிய இடங்களிலும் கிணற்றுத் தண்ணீரில், பல்லில் கறை விழுத்துகிற புளோரைட்டு கூடிய இடங்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைச் சுண்ணாம்பைப் பார்த்து 'இதுதான் புளோரைட்டு' என்று நினைக்கிறார்கள். அது தண்ணீரின் வன்தன்மை, வேறு விசயம். புளோரைட்டைக் கண்ணால் காணமுடியாது, சோதித்தால்தான் தெரியும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது. தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.

இப்போது முளைத்த பாற்பல்லு வெள்ளையாக இருக்கிறதென்று திருப்திப்பட வேண்டாம். 6, 7 வயதில் வரப்போகிற நிலையான முன்பற்களின் மேற்பூச்சு, பிள்ளை பிறந்ததிலிருந்து முதல் மூன்று, நாலு வருசத்தில்தான் முரசுக்குள்ளே உருவாகிறது. அந்தக் காலத்தில் குடிக்கிற தண்ணீரின் கறை பிறகுதான் வெளியே தெரியும். ஆர்.ஓ. தண்ணீர் (இயந்திரத்தில் வடிகட்டிச் சுத்திகரித்தது) எடுக்கிற வீடுகளில் பெரியவர்கள் அதைக் குடித்துவிட்டுப் பிள்ளையின் கஞ்சிக்குக் கிணற்றுத் தண்ணீர் வைப்பதைக் காண்கிறோம். மாற்றிச் செய்யுங்கள், பிள்ளைக்குத்தான் முதல்.

முதல் பல்லு வந்த நாளிலிருந்து காலையும் இரவும் ஈரத்துணியாலோ சின்னப் பிரஷாலோ துடைக்க வேண்டும். பற்பசை போடுவதென்றால் ஓர் அரிசிமணி அளவு.

திருவையாற்றிலிருந்து

ஒன்று விட்டுப்போனது. தேங்காய்ப்பூ போட்ட கொழுக்கட்டை இந்த வெக்கைக்குப் பின்னேரத்துக்கு மேலே நிற்காது. காலையில் அவித்ததை மத்தியானத்துக்குள் அயலுக்குக் கொடுத்து முடியுங்கள். மிஞ்சிய மாவை உருட்டிச் சின்ன மணிகளாக்கித் தண்ணீரில் வேகவிட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சினால் இரவுக்குப் பாற்கொழுக்கட்டை. பாலை மா வெந்த பிறகு ஊற்றுங்கள், முன்னமே ஊற்றினால் திரையும்.