கராஜில் ஒரு ஆர்வி-9ஏ: எடுத்த ரிவிட்டும் விட்ட ரிவிட்டும்

வீட்டில் விமானம் கட்டுகிறேன் என்றால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பறக்குமா?" அடுத்தது, "வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா?" இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பறந்தது. வீட்டில் நிறையவே சொன்னார்கள்.

நான் இருப்பது அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்தில். விமானத்தைப் பாகம் பாகமாகக் கிட் என்று விற்கும், ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வன் தொடங்கிய வேன்ஸ் ஏர்கிராஃப்ட் கம்பெனியும் இதே மாநிலத்தில் அரோரா என்ற ஊரில்தான் இருக்கிறது. அவர்களுடைய கிட்டை வாங்கிக் கட்டி முடித்தவை மட்டும் 11,000-க்கு மேல் பறந்திருக்கின்றன. நான் எடுத்தது ஆர்வி-9ஏ. இரண்டு பேர் அக்கம்பக்கமாக உட்காரலாம். கிட் ஒரே நாளில் வந்து இறங்காது. முதலில் வால், அப்புறம் இறக்கை, அப்புறம் உடல், கடைசியில் மிச்சம் மீதி. எஞ்சின் தனிச் செலவு. நல்ல ஏற்பாடுதான். வால் கட்டும்போதே புத்தி வந்துவிட்டால் நஷ்டம் வாலோடு போய்விடும்.

வேலை என்னவோ எளிமையானதுதான். தகடும் சட்டமும் துளையோடே வருகின்றன. பொருத்திப் பார்த்து, கிளீகோ என்ற ஸ்பிரிங் ஊசிகளைத் துளைக்குத் துளை மாட்டிப் பிடிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் உள்ள பிசிறை எடுத்து, திரும்ப மாட்டி, தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவிட் ஆணிகளை அடிக்க வேண்டும். இதையே பத்தாயிரம் தடவைக்கு மேல் செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம். (நடுவில் அரிப்பைத் தடுக்கும் பிரைமர் பூச்சு அடிக்கணுமா வேண்டாமா என்று மட்டும் யாரும் இங்கே கேட்டுவிடாதீர்கள். மூன்று நாளைக்குச் சண்டை ஓடும்.)

ரிவிட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும். வெளியிலிருந்து நான் காற்றுத் துப்பாக்கியால் அடிப்பேன். உள்ளே கையை விட்டு, பக்கிங் பார் என்ற இரும்புக் கட்டியை ரிவிட்டின் மறுநுனியில் வைத்து என் மனைவி அழுத்திப் பிடித்திருப்பாள். காதில் அடைப்பான், பேச்சே கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம். கட்டியால் ஒரு தட்டு தட்டினால் இன்னும் அடி, இரண்டு தட்டினால் போதும், மூன்று என்றால் சொதப்பிவிட்டாய். மூன்று தட்டும்போது மட்டும் கொஞ்சம் பலமாகத் தட்டுவாள்.

அந்தக் கட்டியில் மோதி மறுநுனி நசுங்கி ஒரு தலையாகும். அந்தத் தலைக்குக் கணக்கு உண்டு. அகலம் ரிவிட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. 3.2 மில்லிமீட்டர் ரிவிட் என்றால் தலை ஏறக்குறைய 4.8 அகலம், 1.6 உயரம். எனக்கு வந்த நோய், கணக்குக்குள் இருந்தும் கண்ணுக்குப் பிடிக்காததை எல்லாம் எடுப்பது. வாலின் பின்சட்டத்தில் ஒரு ரிவிட் லேசாகச் சாய்ந்திருந்தது. டிரில் வைத்தேன். பிட் வழுக்கி, துளை முட்டை வடிவமாயிற்று. சரி, ஒரு சைஸ் பெரிய ரிவிட் போடலாம் என்று துளையைப் பெரிதாக்கினேன். துளையின் மையத்துக்கும் தகட்டின் விளிம்புக்கும் நடுவே விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இடம் வேண்டும் என்பது விதி. விட்டம் கூடிவிட்டது, இடம் கூடவில்லை. கடைசியில் சட்டத்தையே புதிதாக வரவழைத்தேன். நம் ஊரில் ரிவிட் அடித்துவிட்டான் என்பார்களே, அதை எனக்கு நானே அடித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பெரியவர் வந்தார். வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்காக 1953-இல் பால் போபரெஸ்னி தொடங்கிய ஈஏஏ சங்கத்தில் தொழில்நுட்ப ஆலோசகர்கள் என்று தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் காசு வாங்காமல் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். இவர் ஏர்லைனில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு டார்ச், நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி. அன்றைக்கு எடுக்கவேண்டிய ரிவிட் என்று 23-ஐ நீல மார்க்கரால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். (அலுமினியத்தில் பென்சிலால் எழுதாதீர்கள், கிராஃபைட் பட்ட இடம் அரிக்கும்.) ஒவ்வொன்றின் மேலும் கேஜை வைத்துப் பார்த்தார். துணியில் ஆல்கஹாலைத் தொட்டு வட்டங்களை அழித்துக்கொண்டே போனார். முடிவில் இரண்டு வட்டம் மிஞ்சின. "மற்ற 21-ஐ நீ எடுத்தால்தான் வால் பலவீனமாகும்" என்றார். அந்த இரண்டையும் எப்படி எடுப்பது என்று அவரே காட்டினார். வெளிப்பக்கத் தலையின் ஆழத்துக்கு மட்டும் டிரில், அதற்கு மேல் ஒரு நூல்கூடப் போகக்கூடாது. பிறகு ஒரு ஊசியைத் துளையில் விட்டுச் சாய்த்தால் தலை மட்டும் பட்டென்று கழன்று வந்துவிடுகிறது.

அந்தக் கோடையில் கோயம்புத்தூரிலிருந்து அப்பா வந்திருந்தார். முப்பது வருஷம் லேத் பட்டறை நடத்தினவர். ஒரு நாள் நான் மறுபடி டார்ச்சோடு குனிந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "அளவுக்குள்ளே இருக்குதா?" இருக்கு என்றேன். "அப்புறம் எதுக்குடா நோண்டிட்டே இருக்கறே?"

*

டெக்சஸிலிருந்து:

நீங்கள் ரிவிட்டில் பட்ட பாட்டை நான் பெட்ரோல் டாங்கியில் பட்டேன். ஆர்வி-9ஏவுக்கு இறக்கைக்கு 18 காலன், ஏறக்குறைய 68 லிட்டர். தனியாக டாங்கி என்று ஒன்று கிடையாது, இறக்கையின் முன்பகுதியே டாங்கி. ரிப் என்ற குறுக்குச் சட்டம், தகடு, ரிவிட் எல்லாவற்றிலும் கசிவை அடைக்கும் புரோசீல் என்ற பசையைப் பூச வேண்டும். கறுப்பாகத் தார் மாதிரி இருக்கும். நாற்றம் வேறு. கதவுக் கைப்பிடி, போன், சட்டை, நாய் எல்லாவற்றிலும் ஒட்டியது. நாய்க்கு ஒரு பக்கம் முடி வெட்டும்படி ஆகிவிட்டது.

கசிவு பார்க்க, டாங்கியின் மற்ற வாய்களை அடைத்து, காற்றுப்போக்கிக் குழாயில் ஒரு பிறந்தநாள் பலூனை மாட்டிக் கொஞ்சம் காற்று ஏற்றுவார்கள். ராத்திரி பலூன் கொழுகொழு என்று இருந்தது. காலையில் வற்றல் மிளகாய் மாதிரி தொங்கியது. காலை முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவித் தேடினேன், ஒரு குமிழிகூட வரவில்லை. மத்தியானம் பார்த்தால் பலூன் மறுபடி எழுந்து நிற்கிறது! ராத்திரிக் குளிரில் உள்ளே இருந்த காற்று சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குள் நான் மூடியைச் சுற்றியிருந்த புரோசீலைப் பாதி சுரண்டிவிட்டிருந்தேன். திரும்ப புரோசீல், திரும்ப நாய்.

*

திருப்பூரிலிருந்து ஒரு கேள்வி:

இதெல்லாம் நம் ஊரில் நடக்குமா? நடந்தால் என் மாமனார் வீட்டு மொட்டை மாடி காலியாக இருக்கிறது.

*

இங்கிலாந்திலிருந்து:

திருப்பூர் நண்பருக்கு: மொட்டை மாடியில் கட்டினவர் ஏற்கெனவே இருக்கிறார். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி தன் வீட்டு மாடியில் கட்டினார். அது கிட் அல்ல, சொந்த வடிவமைப்பு. 2016-இல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைத்தார். பறந்து பார்க்க அனுமதி கிடைத்தது 2019-இல். மாடியிலிருந்து எப்படி இறக்குவது என்பதை மாமனாரோடு முதலிலேயே பேசிவிடுங்கள்.

இங்கே முறை கொஞ்சம் வேறு. எல்ஏஏ என்ற சங்கத்தின் இன்ஸ்பெக்டர் கட்டக் கட்ட, கட்டத்துக்குக் கட்டம் வந்து கையெழுத்துப் போடுவார். மூடவேண்டிய இடத்தை அவர் பார்க்காமல் மூட முடியாது. ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்ஷன் லாக்டவுன் காலத்தில் எசெக்ஸில் தன் வீட்டுத் தோட்டத்தில் நான்கு பேர் போகும் ஸ்லிங் விமானத்தைக் கட்டி, சின்ன மகளின் பெயரை வைத்து, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினது செய்திகளில் வந்ததே, அதுவும் இதே வழியில்தான். எனக்கு வந்த இன்ஸ்பெக்டர் டீ குடித்த நேரமே அதிகம். ஆனால் என்னவோ, அவர் வரும் நாளுக்கு முந்தின ராத்திரி தூக்கம் வராது.

*

முதலில் எழுதினவன்:

அந்த ராத்திரித் தூக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அமெரிக்காவில் அரசாங்கத்தின் கண் கடைசியில்தான் வரும். பாதிக்கு மேல் வேலை, பொழுதுபோக்குக்கோ கற்றுக்கொள்ளவோ கட்டினவர்களே செய்தது என்று காட்ட வேண்டும். 51 சதவீத விதி என்பது இதைத்தான். கட்டின நாட்களில் எடுத்த போட்டோக்களையும் குறிப்புகளையும் கோப்பாக வைத்திருந்தேன். ஆய்வுக்கு வந்தவர் பத்து நிமிஷம் புரட்டினார். விமானத்தில் "எக்ஸ்பெரிமென்டல்" என்று எழுதியிருந்த எழுத்தின் உயரம் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். வாலுக்குப் போனார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ரிவிட் வரிசையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மூடியைத் திறந்து, விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் என்ற வால் பகுதியை அசைக்கும் தண்டின் நுனியைத் தொட்டார். அங்கே அது தளராமல் பிடிக்க ஒரு பூட்டு நட் உண்டு. இரண்டு விரலால் பிடித்துத் திருகினார். சுழன்றது. ஸ்பேனரே படாத நட். எத்தனை ராத்திரி டார்ச்சோடு அந்த வாலுக்குள் தலையை விட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்த நட்டுக்கு ஒரு ஜாண் தள்ளித்தான் என் நீல வட்டங்கள் எல்லாம் இருந்தன.

"ஸ்பேனர் இருக்கிறதா?" என்றார். எடுத்து வந்து அவர் எதிரிலேயே முறுக்கி, முறுக்கியாயிற்று என்பதற்கு மேலே ஆரஞ்சு அடையாளப் பூச்சை வைத்தேன். அவர் மற்ற நட்டுகளையும் ஒவ்வொன்றாக விரலால் திருகிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.