மடிப் போட்டுக்கு கீல் கூலிங் போடலாமா?

தூத்தூர் போட்டுக்காரன்:
கொல்லம் சக்திகுளங்கரையில் நிற்கும் என் போட்டு சும்மா ஓடும்போது சூட்டுமானி 80 டிகிரி காட்டுகிறது. மடியை (இழுவலையை) இறக்கி இழுக்கத் தொடங்கினால் 95-ஐத் தாண்டுகிறது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவோடு டிராலிங் தடை, 52 நாள் வேலை பார்க்க நேரம் கிடைக்கும். என்ஜின் தண்ணீரைக் கடல்தண்ணியால் ஆறவைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைத் தூக்கிவிட்டு கீல் கூலிங் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். உங்கள் கருத்து?

கீல்பைப்:
யோசிக்காமல் போடுங்கள் அண்ணே. என்ஜினைச் சுற்றும் நல்ல தண்ணீர், போட்டின் அடியில் இருக்கும் குழாய்க்குள் போய் ஆறித் திரும்பி வருகிறது. உப்புத்தண்ணி உள்ளேயே வராது. கடல்தண்ணி பம்பு கிடையாது, அதற்குள் சுற்றும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் கிடையாது, வடிகட்டும் ஸ்ட்ரெய்னரில் பிளாஸ்டிக் கவர் சிக்கி நடுக்கடலில் நிற்கும் தொல்லையும் கிடையாது. காயல் கடலில் சேரும் நீண்டகரை அழிமுகத்து மணல் இம்பெல்லரை என்ன பாடு படுத்தும் என்று அங்கே தொழில் செய்கிற உங்களுக்குத் தெரியாததா!

குளச்சல் என்ஜின்காரர்:
காய்ச்சல் எதனால் என்று பார்க்காமலே ஆபரேஷனா? லோடு ஏறினால் மட்டும் சூடாகிறது என்றால் முதலில் கடல்தண்ணி போதுமான அளவு வருகிறதா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட்டில் புகையோடு கொட்டும் தண்ணீர் முன்பைவிடக் குறைந்திருக்கிறதா? இம்பெல்லரைத் திறங்கள். ஒரு இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடிப் பிடித்தே ஆகவேண்டும், பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய் உட்கார்ந்திருக்கும். அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால் எக்ஸாஸ்ட் எல்போவை, அதாவது புகைக்குழாய் வளைவைக் கழற்றுங்கள். கரியும் உப்பும் சேர்ந்து இறுகி, தண்ணீர் போகும் வழி பாதியாகச் சுருங்கியிருக்கும்.

இன்னொன்று. கடல்தண்ணியை நிறுத்திவிட்டால் எக்ஸாஸ்ட்டை யார் குளிர வைப்பது? தண்ணீர் கலக்காத உலர் எக்ஸாஸ்ட் போட வேண்டும், சூடு தாங்கும் துணி சுற்ற வேண்டும், அறைக்குள் காற்றோட்டமும் வேண்டும். கீல் கூலிங் விலை சொல்கிறவர்கள் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

கீல்பைப்:
செலவு ஒருமுறைதானே அண்ணே? நீங்கள் கழற்றச் சொன்ன மூன்றில் இம்பெல்லரும் எக்ஸ்சேஞ்சரும் கீல் கூலிங்கில் இல்லவே இல்லை. உலர் எக்ஸாஸ்ட்டில் உப்பு அடைக்க வழியும் இல்லை.

குளச்சல் என்ஜின்காரர்:
குழாய் மேல் கொட்டலசு (சிப்பிபோல ஒட்டும் கடல் உயிரி) அப்பினால்? மடி இழுக்கும்போது போட்டு மெதுவாகத்தான் நகர்கிறது, என்ஜினோ முழு லோடில் முக்குகிறது. குழாயைத் தடவிப்போகும் தண்ணீர் குறைவாக இருக்கும் நேரத்தில்தான் சூடு அதிகம். அந்தக் கணக்குக்கு ஏற்ற நீளத்தில் குழாய் போடாவிட்டால் 95 அப்படியே இருக்கும். உடைந்த குழாயை நடுக்கடலில் குனிந்து மாற்றவும் முடியாது.

வல்லவிளை மக்கா:
எதற்கு இவ்வளவு சண்டை? பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை எக்ஸ்சேஞ்சரில் ஊற்றுங்கள், உள்ளே பளபளவென்று ஆகிவிடும்.

குளச்சல் என்ஜின்காரர்:
பளபளவென்று ஓட்டையும் ஆகும் தம்பி. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். உப்புக்கறையோடு சிங்க்கையும் (துத்தநாகம்) பித்தளையையும் சேர்த்துத் தின்னும். சிட்ரிக் ஆசிட்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து விடுங்கள், அதற்கு முன், மற்ற உலோகத்துக்குப் பதில் தான் அரிபட்டுத் தேய வைத்திருக்கும் சிங்க் கம்பியைக் கழற்றுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். மஞ்சளாக இருக்க வேண்டிய பித்தளை ரோஸ் நிறமாக இருந்தால் அதிலிருந்த துத்தநாகம் ஏற்கெனவே கரைந்துவிட்டது. அதைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

அஷ்டமுடி:
இரண்டு பேரும் அந்த 52 நாளை மறந்துவிட்டீர்கள். தடை தொடங்கியதும் நீண்டகரைப் பாலத்தில் சங்கிலி கட்டிவிடுவார்கள், போட்டெல்லாம் காயலுக்குள். மழைக்காலத்தில் கல்லடையாறு வந்து விழுவதால் அங்கே தண்ணீரில் உப்பு குறைந்துவிடுகிறது. உப்பில்லாத தண்ணீரில் சிங்க் தேயாமல் மேலே ஒரு ஓடு கட்டிக்கொள்ளும். பார்த்தால் புதுசு போலத் தடிமனாக இருக்கும், மறுபடி கடலுக்குப் போனதும் ஒழுங்காக வேலை செய்யாது. அதற்குப் பதில் தேய்வது ஷாஃப்ட், புரொப்பெல்லர், கீல் கூலிங் போட்டிருந்தால் அந்தக் குழாய். ஆகஸ்ட்டில் புறப்படும் முன் சிங்க் மேல் கட்டிய ஓடு போகச் சுரண்டுங்கள், பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். காயலும் கடலுமாக இருக்கும் போட்டுக்கு சிங்க்குக்குப் பதில் அலுமினிய அனோடு (இதேபோலத் தேய வைக்கும் கட்டி) இன்னும் நல்லது.

கீல்பைப்:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 52 நாளும் கடல்தண்ணி தேங்கி நிற்பது எக்ஸ்சேஞ்சருக்குள்தானே?

குளச்சல் என்ஜின்காரர்:
யார் தேங்கவிடச் சொன்னது? கடல் வால்வை மூடி, பம்பின் உறிஞ்சு குழாயை நல்ல தண்ணீர் டிரம்மில் போட்டு, என்ஜினை ஓடவிட்டு அலசுங்கள். என்ஜின் நிற்கும்போது மட்டும் மோட்டார் ஹோஸை நேராகச் சொருகாதீர்கள். அந்தத் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் ஏறிவிடும்.

தூத்தூர் போட்டுக்காரன்:
இம்பெல்லரைத் திறந்தாயிற்று. ஒரு இதழில் பாதியைக் காணோம், துண்டைத் தேடுகிறோம். எல்போ போல்ட்டுகள் துருப்பிடித்து அசையவே இல்லை, எண்ணெய் விட்டு ஊறப்போட்டிருக்கிறோம். கீல் கூலிங்கைப் பிறகு பார்க்கலாம்.

கீல்பைப்:
சரி அண்ணே, அடுத்த இம்பெல்லர் வாங்கும்போது கூப்பிடுங்கள்.