கன்னத்தை முழுத் தடிமனில் எடுத்த பின் ஃப்ரீ ஃப்ளாப்: தொடையா, மார்பா?

இளமாறன் (கேள்வி):
வணக்கம். என் தந்தைக்கு வயது 61. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் நெடுங்காலமாக இருந்தது. வலது கன்னத்தின் உட்புறத்தில் தோன்றிய புற்றுநோய் இப்போது வெளித்தோல் வரை வந்துவிட்டதால், கன்னத்தை முழுத் தடிமனில் வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார்கள். அந்த இடத்தை மூடத் தொடையிலிருந்து ஃப்ரீ ஃப்ளாப் (இரத்தக்குழாய்களோடு துண்டித்து எடுத்து வேறிடத்தில் தைக்கும் சதை) எடுக்கலாம் என்று ஒரு மருத்துவரும், மார்புத் தசையைத் திருப்பி வைத்தால் போதும், நேரமும் குறையும் என்று மற்றொருவரும் கூறுகிறார்கள். அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. உடலிலிருந்து அடியோடு துண்டித்த சதை வேறோர் இடத்தில் எப்படிப் பிழைக்கும், பிழைக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் உள்ள அச்சம்.

பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர்:
ஸ்கேனைப் பார்க்காமல் இதுதான் சரி என்று நான் கூற இயலாது. ஆனால் இரண்டு மருத்துவர்களும் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை விளக்கலாம். முழுத் தடிமனில் கன்னம் போகும்போது, வாய்க்குள் ஓர் உறையும் வெளியே ஒரு தோலும் என இரண்டு பரப்புகளை மூட வேண்டியிருக்கிறது. தொடையின் முன்பக்க வெளிப்பகுதியிலிருந்து, 1984-இல் சீன மருத்துவர்கள் விவரித்த முறையில், தோலையும் கொழுப்பையும் அவற்றுக்கு இரத்தம் தரும் தமனி, சிரைகளோடு எடுத்து, நடுவில் ஒரு பட்டை அளவுக்கு மேல்தோலை மட்டும் சீவிவிட்டு மடித்து வைத்தால், ஒரே ஃப்ளாப் இரு பரப்புகளையும் மூடிவிடும். பிறகு நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் அதன் குழாய்களைக் கழுத்திலுள்ள தமனியோடும் சிரையோடும் தைக்கிறோம். இரத்தம் ஓடத் தொடங்கியதும் வெளிறிக் கிடந்த சதை கண்ணெதிரே சிவந்து வரும். அது பிழைப்பது அந்தப் புதிய இரத்த ஓட்டத்தால்தான்.

மார்புத் தசையை அதன் இரத்தக்குழாய் அறுபடாமல் கழுத்து வழியாகத் திருப்பிக் கொண்டுவருவதால் நுண் தையல் தேவையில்லை. இதயமோ நுரையீரலோ நீண்ட மயக்க மருந்தைத் தாங்காது என்றால் நானும் அதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் அது பருமனானது. நாளடைவில் தன் எடையால் கீழே தொங்கி, வாயோரத்தையும் இழுக்கும். உடல் இடம் கொடுத்தால் தொடையே என் தேர்வு. சர்க்கரை நோய் இருப்பதாலேயே இதைச் செய்ய முடியாது என்றில்லை. அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும், புகையிலையை இன்றே நிறுத்த வேண்டும்.

அனுபவமுள்ள மையங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஃப்ளாப்புகள் பிழைக்கின்றன. எஞ்சியவை பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களில், குறிப்பாகச் சிரையில் இரத்தம் உறைவதால் கெடுகின்றன. சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துத் திரும்பத் திறந்தால் பலவற்றைக் காப்பாற்றலாம். முடியாதபோது, முன்பு சொன்ன மார்புத் தசை கைகொடுக்கும். ஆகவே எந்த ஃப்ளாப் என்பதோடு, நள்ளிரவில் மறுபடி அறுவை அரங்கைத் திறக்க அந்த மருத்துவமனையில் ஆள் இருக்கிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐசியு செவிலியர்:
மருத்துவர் கூறிய அந்த நாட்கள்தான் எங்கள் பணி. முதல் இரவு மணிக்கொரு முறை ஃப்ளாப்பை விரலால் மெல்ல அழுத்தி விடுவோம். வெளிறிய இடம் ஏறக்குறைய இரண்டு விநாடியில் பழைய நிறத்துக்கு வந்தால் நிம்மதி. அதைவிடச் சட்டென்று திரும்பி, நிறமும் நீலம் பாரித்தால் சிரை அடைபட்டிருக்கலாம். வெளிறிக் குளிர்ந்து நிறமே திரும்பாவிட்டால் தமனியைச் சந்தேகிப்போம். ஊசியால் குத்திப் பார்க்கும்போது கருத்த இரத்தம் வடிந்தாலும் மருத்துவரை எழுப்பிவிடுவோம். மூச்சுவிடுவதற்காகக் கழுத்தில் குழாய் வைத்திருந்தால் அதை நாடாவால் சுற்றிக் கட்டாமல் தோலோடு தைத்திருப்பார்கள். நாடா இறுகினால் புதிதாகத் தைத்த சிரை நசுங்கும். பார்க்க வரும் உறவினர்கள் தலையணையைச் சரிசெய்கிறேன் என்று தலையைத் திருப்பிவிடாமல் இருந்தாலே பெரிய உதவி.

முன்கை ஃப்ளாப் வைத்துக்கொண்டவர்:
எனக்குக் கன்னத்தின் உட்புறம் மட்டும் போனதால் மெல்லியதாக இருக்க வேண்டும் என்று முன்கையிலிருந்து எடுத்தார்கள். அந்தக் கையில் இப்போது தொடைத் தோல் ஒட்டிய தழும்பு இருக்கிறது. கையிலிருந்து வந்த தோலாதலால் வாய்க்குள் முடி முளைத்து அருவருப்பாக இருந்தது. கதிரியக்கச் சிகிச்சைக்குப் பின் உதிர்ந்துவிட்டது. அந்த இடத்தில் உணர்ச்சியே இல்லாததால் காப்பியை ஆற்றிக் குடிக்க வேண்டும், சூடு தெரியாது. வாய் திறக்கும் பயிற்சியை விட்டுவிட வேண்டாம் என்று உங்கள் தந்தையிடம் சொல்லுங்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவதுதான் என் பயிற்சி.

இளமாறன்:
அனைவருக்கும் நன்றி. இதயப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுத் தொடை என்றே தீர்மானிக்க எண்ணுகிறோம். கதிரியக்கம் ஃப்ளாப்பைக் கெடுத்துவிடாதா, கன்னம் உப்பலாகவே இருந்துவிடுமா என்பது மட்டும் தெரிந்தால் நன்று.

பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர்:
நன்கு ஆறிய ஃப்ளாப் கதிரியக்கத்தைத் தாங்கும். சிறிது சுருங்கவும் செய்யும், அதனால்தான் தொடக்கத்தில் சற்றுப் பெரிதாகவே வைக்கிறோம். கதிரியக்கத்தை வழக்கமாக அறுவைக்குப் பின் ஆறு வாரங்களுக்குள் தொடங்க வேண்டும் என்பதால், சிறு புண் ஆறாமல் இருந்தாலும் உடனே காட்டுங்கள். வீக்கம் வடியச் சில மாதங்கள் ஆகும். அதன் பிறகும் உப்பல் மிஞ்சினால், சிகிச்சை முழுதும் முடிந்த பின் கொழுப்பைக் குறைக்கும் சிறு அறுவையைச் செய்துகொள்ளலாம். தோலின் நிறம் மட்டும் முகத்தோடு முழுமையாகப் பொருந்தாது. அதை இப்போதே அவரிடம் சொல்லி வைப்பது நல்லது.