வறண்ட மேட்டுநிலத்தில் திவானாக்கு மக்கள் எப்படி விளைவித்தார்கள்?

களத்துமேடு:
பொலிவியாவில் டிட்டிகாக்கா ஏரிக்குப் பக்கத்தில் இருந்த திவானாக்கு நகரத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏரியே கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நல்ல மழை டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான், மீதி மாதங்களில் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும், இரவில் உறைபனி வேறு. இப்படி ஓர் இடத்தில் அவ்வளவு பேருக்குச் சோறு போட எங்கிருந்து விளைந்தது? தண்ணீரை எப்படிச் சேர்த்தார்கள் என்று யாராவது விளக்குங்களேன்.

ஏர்முனை:
தண்ணீரோடு சேர்த்துப் பனியையும் கேளுங்கள், அங்கே உருளைக்கிழங்குச் செடியை ஒரே ராத்திரியில் கருக்குவது அதுதான். ஏரிக்கரைச் சமவெளியில் வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையே பக்கத்தில் கொட்டி உயரமான மேட்டுப்பாத்தி அமைத்தார்கள். அங்குள்ள அய்மாரா மொழியில் இதற்குச் சுகா கொல்லு என்று பெயர், கெச்சுவா மொழியில் வாரு வாரு. பகலில் அந்த உயரத்து வெயிலில் வாய்க்கால் தண்ணீர் சூடேறும், இரவில் அந்தச் சூடு மெல்ல வெளியேறிப் பாத்தியில் பனியின் கடுமையைக் குறைக்கும். வாய்க்காலில் படியும் வண்டலை அள்ளிப் போட்டால் அதுவே உரம். 1980களில் பெருவின் உவாத்தாவில் கிளார்க் எரிக்சன் என்ற தொல்லியலாளர் உள்ளூர் விவசாயிகளோடு இதைத் திரும்பக் கட்டிப் பார்த்தார், கிழங்கு நன்றாகவே விளைந்தது. ஆனால் ஆள்வேலை அதிகம், அதனால் பிறகு பலர் விட்டுவிட்டார்கள்.

ஊற்றுக்கண்:
தண்ணீர் சேர்ப்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் திவானாக்கு இல்லை, பெருவின் தலைநகர் லிமாவுக்கு மேலே மலையில் இருக்கும் அமுனா என்ற வாய்க்கால் முறை. இங்காக்களுக்கும் முந்தைய வேலை இது. மழைக்கால ஓடைத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி, பாறையும் சரளையுமான சரிவில் விட்டுவிடுவார்கள். அது மலைக்குள் இறங்கி, வாரங்கள், மாதங்கள் கழித்துக் கீழே ஊற்றாக வரும், சரியாக மழை நின்ற பிறகு. உவாமந்தாங்கா ஊரில் அளந்து 2019இல் வெளியிட்டார்கள், சராசரி 45 நாள் தாமதம். அணை கட்டாமலே மலையைத் தண்ணீர்த் தொட்டியாக்கியவர்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

ஏர்முனை:
அமுனா அருமையான உதாரணம். இன்னொன்று, விளைந்ததைக் காப்பாற்றுவது. ஜூன், ஜூலையில் கிழங்கை இரவில் வெளியே பரப்பி உறையவிட்டு, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காய வைப்பார்கள். அதுதான் சூன்யோ, வருடக்கணக்கில் கெடாது. பயிரைக் கெடுக்கிற அதே பனியை வைத்தே பஞ்சத்துக்கு உணவு சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள்! அப்புறம் ஒரே இடத்தை நம்பியும் இருக்கவில்லை. பிற்காலத்தில் அதே ஏரிக்கரையில் வாழ்ந்த லுபாக்கா மக்கள் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் பசிபிக் கரைப் பள்ளத்தாக்குகளில் தங்கள் ஆட்களையே குடிவைத்திருந்தார்கள். 1567இல் ஸ்பானிய அதிகாரி கார்சி தியெஸ் நடத்திய விசாரணையில் இது பதிவாகியிருக்கிறது.

களத்துமேடு:
இவ்வளவு ஏற்பாடும் இருந்தும் திவானாக்கு ஏன் விழுந்தது? வறட்சியா?

ஊற்றுக்கண்:
தொல்லியலாளர் ஆலன் கொலாட்டா அப்படித்தான் சொல்கிறார். பெருவின் கெல்காயா பனிப்பாறையில் துளையிட்டு எடுத்த பனிப்படிவுகளில் 11ஆம் நூற்றாண்டை ஒட்டி நீண்ட வறட்சி தெரிகிறது, ஏரிமட்டம் இறங்கி மேட்டுப்பாத்தி வாய்க்கால்கள் வற்றின என்பது அவர் வாதம். எரிக்சன் ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் பாத்திகளை நடத்த அரசு தேவையில்லை, அய்லு என்கிற ஊர்க்குழுக்களே பார்த்துக்கொள்ள முடியும், மழை குறைந்தால் அவர்கள் ஏரியோடு கீழே இறங்கிப் போயிருப்பார்கள் என்கிறார். நான் எரிக்சன் பக்கம். நகரம் காலியான பிறகும் அந்த மேட்டுநிலத்தில் விவசாயம் நின்றுவிடவில்லையே.