1935-ல் 14 வயது: கண்காட்சி மேசையில் எதை வைப்பது?

கேள்வி (வகுப்பறை):
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மேசை போடுகிறார்கள். ஒன்றில் 1935-ல் சென்னை மாகாணத்து 14 வயதுப் பிள்ளையின் ஒரு நாள், மற்றதில் இன்றைய நாள். அரிக்கேன் விளக்கு, சிலேட்டு, தொட்டெழுதும் பேனா எல்லாம் கிடைத்துவிட்டன. ஆனால் விளக்கேற்றிய சற்று நேரத்தில் கண்ணாடி கறுத்துவிடுகிறது, பேனா சொட்டுகிறது. அட்டையில் "பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு", "கட்டணம் 50 பைசா" என்று எழுதியிருக்கிறார்கள். சரிதானா?

பதில் (மைக்கூடு):
திரி கோணலாக இருந்தால் ஒரு மூலை மட்டும் உயர்ந்து எரிந்து புகையும். திரியை நேராக வெட்டி, இரு மூலைகளையும் துளி நறுக்கிவிடுங்கள். புதுத் திரி என்றால் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு ஏற்ற வேண்டும். தொட்டியை விளிம்புவரை நிரப்பக் கூடாது. ஏற்றியதும் சுடரைத் தாழ்த்தியே வையுங்கள். கண்ணாடி சூடேறியதும் சுடர் தானாகவே உயரும். பலர் தவறுவது இங்கேதான், முதலிலேயே தூண்டிவிடுகிறார்கள். இவ்வளவு செய்தும் புகைந்தால் பர்னருக்கு அடியில் உள்ள காற்றுத் துளைகளில் தூசி அடைத்திருக்கும். கண்ணாடி ஆறிய பிறகு சாம்பலும் உலர்ந்த துணியும் கொண்டு துடைக்கலாம். சூட்டில் ஈரத்துணி பட்டால் விரிசல் விடும். அரங்கில் எரியவிடுவதானால் பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்கட்டும், மணல் வாளியும் வேண்டும்.

பேனா சொட்டுவதற்குக் காரணம், புது நிப்பில் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய். மை அதில் ஒட்டாமல் திரண்டு விழுகிறது. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். நிப்பின் நடுத்துளை வரை மட்டும் தோய்த்து, மைக்கூட்டின் விளிம்பில் ஒருமுறை தட்டிவிட்டு எழுதினால் சொட்டாது. மட்டமான தாளில் மை ஊறிப் பரவும். வழவழப்பான தாளும் ஒற்றுத்தாளும் வையுங்கள்.

பதில் (பழைய பாரம்):
இரண்டு அட்டையையும் மாற்ற வேண்டும். அன்றைய எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் ஆண்டில், அதாவது ஆறாம் பாரத்தில் (பாரம் என்பது Form, அன்றைய உயர்நிலைப் பள்ளி வகுப்பின் பெயர்) வந்தது. முதல் பாரம்தான் இன்றைய ஆறாம் வகுப்பு, ஆகவே உங்கள் 14 வயதுப் பிள்ளை ஏறக்குறைய நான்காம் பாரம். அதற்கு மேல் படிக்க, கல்லூரியில் இரண்டு ஆண்டு இண்டர்மீடியட். பிளஸ் டூ 1978-ல் வந்தது.

நூறு பைசா கணக்கு 1957 ஏப்ரலில்தான் தொடங்கியது. 1935-ல் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. ஆகவே அரை ரூபாயை "எட்டணா" என்று எழுதுங்கள்.

சிலேட்டையும் எடுத்துவிடலாம். அது சின்ன வகுப்புக்கானது. நான்காம் பாரத்தில் நோட்டும் மைப் பேனாவும்தான்.

பதில் (ஊர்க்கணக்கு):
விளக்கும் பேனாவும் சரி. ஆனால் 14 வயதில் நான்காம் பாரம் போனவர்கள் மிகச் சிலர், அதிலும் பெண்கள் இன்னும் குறைவு. இதைச் சொல்லாத மேசை அந்தக் காலத்தைக் காட்டாது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1930 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தபோது பெண்ணின் திருமண வயது 14, ஆணுக்கு 18. சட்டம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக நடந்த திருமணங்கள் ஏராளம். இன்று 18, 21.

வேலையும் அப்படித்தான். 1934 தொழிற்சாலைச் சட்டம் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளை நாளுக்கு ஐந்து மணி நேரம் வேலை வாங்க அனுமதித்தது. இயந்திர விசை இல்லாத சிறு பட்டறைகள் பெரும்பாலும் அதற்கு வெளியே இருந்தன; தீப்பெட்டிப் பட்டறைகளில் 12 வயதுக்குக் கீழ்த் தடை 1938-ல்தான் வந்தது. நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு தீக்குச்சியும் வையுங்கள். இன்றைய மேசையில் 2010-ல் அமலான கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டை இருக்கட்டும், ஆனால் அதன் எல்லை 6 முதல் 14 வயது வரைதான் என்பதையும் எழுதுங்கள்.

வகுப்பறை:
திரியை நறுக்கிய பிறகு புகையவில்லை. இரண்டு அட்டைகளையும் மாற்றி எழுதுகிறோம். தீக்குச்சித் தட்டை நோட்டுக்கு முன்னால் வைக்கிறோம்.