பொருள்: கொத்துச் சங்கிலி சுற்றிக்கொண்டால் நிறுத்தும் வரம்புக்கு என்ன சொல்?

காட்பாடியிலிருந்து

வணக்கம்.

போன வாரம் கடைக்கு ஒரு மெமரி கார்டு வந்தது. குடியாத்தத்துக் கல்யாணம். கேமரா எழுதி முடிக்கும் முன்பே போட்டோ எடுத்த தம்பி கார்டை உருவிவிட்டான். டி.வி.யில் சொருகும் பழைய பிளேயரில் போட்டால் பட எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. பத்தாயிரம், இருபதாயிரம்... நிற்கவில்லை. உற்றுப் பார்த்தேன். முதல் 1,022 படம் ஒழுங்கு. அதற்கப்புறம் தாலி கட்டுவதிலிருந்து பந்தி வரைக்குமான 1,024 படங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மாப்பிள்ளை இருபது தடவைக்கு மேல் தாலி கட்டிவிட்டார்.

கார்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைக்கு ஃபேட்32 என்று பெயர். அது இடத்தைச் சம அளவுத் துண்டுகளாக, அதாவது கொத்துகளாக (cluster), பிரித்திருக்கும். ஒவ்வொரு கொத்துக்கும் 'அடுத்தது எது' என்று அட்டவணையில் ஓர் எண் இருக்கும், அதுதான் கொத்துச் சங்கிலி. அதைப் பிடித்துக்கொண்டே போய், 'முடிந்தது' குறி வந்தால் நிற்க வேண்டும். இந்தக் கார்டில் கொத்து 32 கேபி, ஒரு படத்தின் பெயர்க்குறிப்பு 32 பைட். ஆக, கொத்துக்கு 1,024 பெயர். முதல் கொத்தில் இரண்டு இடம் ஒற்றைப் புள்ளிக்கும் (இந்தக் கோப்புறை) இரட்டைப் புள்ளிக்கும் (மேல் கோப்புறை) போய்விடும். இரண்டாம் கொத்தைக் கேட்டால், அடுத்ததும் நானே என்கிறது. சாதாரணக் கோப்பாக இருந்தால் அதன் அளவு தனியே எழுதியிருக்கும், படிப்பது அங்கே நின்றுவிடும். கோப்புறைக்கு அந்த இடத்தில் ஃபேட் பூஜ்யம்தான் எழுதும். சங்கிலியை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

லினக்ஸில் போட்டேன். சங்கிலி சுற்றுகிறது என்று கர்னல் (லினக்ஸின் மைய நிரல்) தன் பதிவில் ஒரு வரி எழுதியது, கோப்புறையைத் திறக்க மறுத்தது, கார்டையும் 'படிக்க மட்டும்' ஆக்கிவிட்டது. அந்த வரிக்குத் தமிழ் வேண்டும். 'முடிவிலா மடக்கு' என்று போட மனம் வரவில்லை. மடக்கு (loop) நிரலில் இருப்பது. இங்கே நிரல் சரியாகத்தான் நடக்கிறது, பொய் சொல்வது கார்டு. என் பரிந்துரை: சங்கிலி சுற்றிக்கொள்ளும் பழுதுக்கு 'சங்கிலிச் சுருக்கு', இத்தனைக்கு மேல் போகாதே என்று நிறுத்தும் காப்புக்கு 'சால்வரம்பு'. ஏற்றம் இறைக்கிறவர்கள் பாட்டோடு சால் எண்ணுவார்கள் அல்லவா, அந்தத் தண்ணீர்ச் சால்.

———

ஆரணியிலிருந்து

தம்பிக்கு,

சுருக்கு வேண்டாம். கோப்பைச் சுருக்குவதற்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. சங்கிலி குட்டையாகிவிட்டது என்றுதான் என் மருமகள் படித்தாள். சால் என் வயசுக்காரனுக்குப் புரியும். உங்கள் கடைப் பையனைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. எதற்காக எண்ண வேண்டும்? புறப்பட்ட கொத்துக்கே திரும்பி வந்தால் நின்றுவிட வேண்டியதுதானே? கிரிவலத்தில் ராஜகோபுரத்துக்கு வந்துவிட்டால் முடிந்தது என்று தெரிகிறது. 'சுற்றுமுடிப்பு' போதும்.

———

காட்பாடியிலிருந்து

ஐயா,

> கடைப் பையனைக் கேட்டுப் பாருங்கள்

கேட்டேன். "சால்னாவா அண்ணா?" என்றான். சாலை விட்டுவிட்டேன்.

கிரிவலக் கணக்கு மட்டும் உதைக்கிறது. 1989-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது மலை உங்கள் பக்கம் போய்விட்டது, ஆனாலும் நாங்களும் நடக்கிறவர்கள்தான். ராஜகோபுரத்தில் தொடங்கினவனுக்கு நீங்கள் சொல்வது சரி. காட்பாடியில் பஸ் ஏறி வந்து அந்த 14 கிலோமீட்டர் பாதையில் சேர்ந்தவன், 'காட்பாடி கண்ணில் பட்டால்தான் நிற்பேன்' என்றால்? கால் ஓயும்வரை மலையைச் சுற்றுவான். இந்தக் கார்டில் நடந்தது அதேதான். முதல் கொத்து சுழலுக்கு வெளியே இருக்கிறது, அதற்கு யாரும் திரும்பி வருவதே இல்லை.

ஃபிளாய்டு பெயரில் வழங்கும் ஆமை-முயல் முறை இதைப் பிடித்துவிடும். ஒன்று ஓரடியும் மற்றது ஈரடியுமாகப் போனால், சுழல் இருக்கும்போது எங்கோ ஓரிடத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆனால் லினக்ஸின் ஃபேட் நிரலில் இருப்பது வெறும் எண்ணிக்கை. ஃபேட் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. 32 கேபி கொத்தில் 1,31,071-க்கு மேல் எண்ணிக்கை போனால் சங்கிலி பொய். கோப்புறைக்கு இன்னும் இறுக்கலாம் என்பது என் கட்சி. விதிப்படியே அதில் 65,536 குறிப்புதான், 2 எம்பி, அதாவது 64 கொத்து.

எங்கள் வீடு கட்டும்போது பாலாற்று மணல் மாட்டு வண்டியில் வந்தது. ஒரு நடைக்கு ஒரு கோடு என்று அப்பா சுவரில் கரியால் இழுப்பார். 12 நடை பேசியிருந்தால் பதின்மூன்றாவது வண்டி திரும்பும்போதே வாசலில் போய் நின்றுகொள்வார். வண்டி எந்தப் பாதையில் வந்தது என்று அவர் கேட்டதே இல்லை. கர்னலும் பாதையைப் பார்ப்பதில்லை, கோடுகளை எண்ணுகிறது. ஆகவே காப்புக்கு 'நடைவரம்பு'. பழுதுக்கு, பூக்கட்டும்போது பின்னால் போய்க் கோர்த்துக்கொண்டால் எப்படியோ அப்படி, 'பின்கோர்ப்பு'.

———

ஆரணியிலிருந்து

நடைவரம்பு நிற்கும். வேறொரு கோப்பைச் சுட்டும் குறியீட்டு இணைப்புகளை (symlink) லினக்ஸ் நாற்பதுக்கு மேல் பின்தொடராது, அதற்கும் போட்டுப் பார்த்தேன், பொருந்துகிறது. லினக்ஸின் இன்னொரு கோப்பு முறையான ஈஎக்ஸ்டி2-இல் (ext2) மட்டும் இடிக்கும். அங்கே கோப்புறையின் ஒவ்வொரு குறிப்பும் தன் நீளத்தைத் தானே சொல்கிறது. நீளம் பூஜ்யம் என்று இருந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பின்னால் போய்க் கோர்க்கவே இல்லையே, அது எப்படிப் பின்கோர்ப்பு ஆகும்?

———

காட்பாடியிலிருந்து

ஆகாது ஐயா. அங்கே கர்னல் நடையை எண்ணுவதும் இல்லை, அடி எடுத்து வைக்கும் முன்பே நீளத்தைச் சோதித்துவிடுகிறது. அதற்குப் 'பூஜ்ய நீளக் குறிப்பு' என்று வெறுமனே எழுதிவிடலாம், புதுச்சொல் எதற்கு? ஃபேட் வரியை இப்படி அனுப்பப்போகிறேன்:

'கொத்துச் சங்கிலியில் பின்கோர்ப்பு: நடைவரம்பு தாண்டியது.'

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். பந்திக்குப் பிறகான படங்களை அட்டவணையை நம்பாமல் கார்டு முழுக்கத் துழாவி எடுத்துக் கொடுத்துவிட்டேன். பெயர்கள்தான் போய்விட்டன.