விடுதலைக்குப் பிறகு எழுதிய கூலி ஒப்பந்தங்களை எப்படிப் படிப்பது?

தெற்குவீதி:
அமெரிக்காவில் அடிமை முறை முடிந்த கையோடு, 1865, 66-இல் எழுதிய கூலி ஒப்பந்தங்களின் ஸ்கேன்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஃப்ரீட்மென்ஸ் பீரோ, அதாவது விடுதலையானவர்களுக்காக அரசு அமைத்த அலுவலகத்தின் ஆவணங்கள். முதலாளி பெயர், கீழே வரிசையாக வேலையாட்களின் பெயர்கள், பல பெயர்களுக்குப் பக்கத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி. வருஷம் முழுக்க உழைக்கணும், விளைச்சலில் பங்கு அல்லது மாதக் கூலி, ரேஷன். சரி. ஆனால் சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போகக்கூடாது, வராத நாளுக்குப் பிடித்தம், எதிர்த்துப் பேசினால் அதற்கும் ஒன்று... விடுதலை எங்கே இருக்கிறது இதில்? எழுதியது முழுக்க முதலாளி பக்கம் என்றால் இதை வைத்து அந்த மக்களைப் பற்றி என்னதான் தெரிந்துகொள்ள முடியும்?

பழந்தாள்:
அந்தத் தாளை மட்டும் தனியாக வைத்துப் படித்தால் பாதிதான் புரியும். 1865 நவம்பரில் மிசிசிப்பி மாநிலம் போட்ட சட்டங்களைப் பக்கத்தில் வையுங்கள். வருஷா வருஷம் ஜனவரியில் கறுப்பினத்தவர் ஒவ்வொருவரிடமும் வேலை இருப்பதற்கு எழுத்துச் சான்று இருக்க வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் நடுவில் விட்டுப் போனால் அந்த வருஷம் அதுவரை உழைத்த கூலி மொத்தமும் போச்சு, அது போக அவரை யார் வேண்டுமானாலும் பிடித்துக் கொண்டுவந்து ஒப்படைக்கலாம், பிடித்தவருக்கு 5 டாலரும் மைலுக்கு 10 சென்ட்டும் கிடைக்கும். இதைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு போட்ட குறிதான் நீங்கள் பார்ப்பது. 1865 ஜூன் 19-இல் டெக்சாஸ் கால்வெஸ்டனில் விடுதலையை அறிவித்த அந்தப் பிரபலமான ராணுவ உத்தரவே, இருக்கிற இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள் என்றுதான் அதே மூச்சில் புத்தி சொல்கிறது. அந்த நாளை இன்றைக்கு ஜூன்டீன்த் என்று கொண்டாடுகிறவர்களில் எத்தனை பேர் அந்த வரிவரைக்கும் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

காவேரிக்கரை:
நான் கொஞ்சம் வேறு மாதிரி படிப்பேன். எதையெல்லாம் தடுக்கிறார்கள் என்று பாருங்கள். யாரும் செய்யாத காரியத்துக்கு எவனும் தடை எழுத மாட்டான். அனுமதி இல்லாமல் வெளியே போகாதே என்றால் போய்க்கொண்டிருந்தார்கள், விற்கப்பட்ட பிள்ளைகளையும் பிரிந்த துணையையும் தேடி எத்தனையோ பேர் ஊர் ஊராக அலைந்த காலம் அது. பெண்கள் வயல் வேலைக்கு வர மறுக்கிறார்கள் என்று தோட்டக்காரர்கள் அப்போது ஓயாமல் புலம்பியதும் பதிவாகியிருக்கிறது. கங்காணிக்குக் கீழே கும்பலாக வேலை செய்ய மாட்டோம், குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் கொடு என்று இழுத்துப் பறித்ததில்தான் பங்கு விவசாயம் பரவியது. பிறகு கடனில் அது அவர்களையே நெரித்தது, அது தனிக் கதை.

முதலாளி கை படாத தாள்களும் இருக்கின்றன. 1865 ஜனவரியில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் போட்ட உத்தரவால் தென் கரோலினாக் கடலோரத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை கிடைத்தது. அந்த வருஷமே ஜனாதிபதி ஜான்சன் அதைப் பழைய உரிமையாளர்களுக்குத் திருப்ப ஆரம்பித்துவிட்டார். அக்டோபரில் பீரோ தலைவர் ஹாவர்டே அந்தக் கடலோரத்து எடிஸ்டோ தீவுக்குப் போய் இதைச் சொல்ல, அந்த மக்கள் அவருக்கு எழுதிய மனு இருக்கிறது. நில உரிமையாளர்களை மன்னித்துவிடுங்கள் என்கிறீர்கள், என்னை மரத்தில் கட்டி 39 அடி கொடுத்தவனையா என்று கேட்கிறார்கள். நிலம் இல்லாவிட்டால் பழைய எஜமானன் சொல்லும் விலைக்குத்தான் உழைக்கணும் என்பது அவர்களுக்கு அப்போதே தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஆலமரத்தடி:
ஜோர்டன் ஆண்டர்சன் கடிதத்தை விட்டுவிட்டீர்களே! திரும்பி வேலைக்கு வா என்று டென்னசியிலிருந்து கூப்பிட்ட பழைய எஜமானனுக்கு 1865 ஆகஸ்டில் ஒஹாயோவின் டேட்டனிலிருந்து சொல்லி எழுதவைத்த பதில். நான் 32 வருஷம், மனைவி 20 வருஷம் உழைத்த பாக்கிக் கூலி 11,680 டாலர், முதலில் அதை அனுப்புங்கள், உங்கள் நேர்மையை அப்புறம் பார்க்கலாம் என்கிறார். எனக்குத் தெரிந்து இதைவிட மரியாதையான திட்டு கிடையாது.

தெற்குவீதி:
நன்றி. ஒப்பந்தத்தில் இருக்கிற ஒரு பெயரைப் பிடித்து 1865-க்கு முன்னால் போக முடியுமா?

பழந்தாள்:
கஷ்டம். 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்பில் உரிமையாளர் பெயர் மட்டும் இருக்கும், கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், பெரும்பாலும் அவ்வளவுதான். எல்லோர் பெயரும் வருவது 1870 கணக்கெடுப்பில்தான். நடுவில் ஃப்ரீட்மன்ஸ் பேங்க் பதிவேடுகளைப் பாருங்கள், விடுதலையானவர்களுக்காக 1865-இல் தொடங்கி 1874-இல் மூழ்கிய சேமிப்பு வங்கி, கணக்குத் திறந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தவர், சில பதிவுகளில் பழைய எஜமானன் பெயர்கூட இருக்கும். அங்கே எஜமானன் பெயர் சிக்கினால் அவனுடைய உயில், சொத்துப் பட்டியலுக்குப் போங்கள், அடிமைகளைப் பெயரும் விலையும் போட்டு எழுதியிருப்பார்கள். குடும்பப் பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள், எல்லோரும் கடைசி எஜமானன் பெயரை வைத்துக்கொள்ளவில்லை.